கைமாறிய கோமாளி

எனக்குக் காலில் வலி உண்டு பாதிரியார் ஐயா, ஆனால் நடக்க முடியாத அளவுக்கு இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சுவீடனின் வடக்கே, நோர்லாந்துக் காட்டில் மரம் வெட்டுபவர்களின் குடிசையில் நாங்கள் மூன்று பேர்: நான், மன்னே, ஹில்மர். ஞாயிறு மதியம் கில்லே என்ற சீட்டாட்டம் ஆடுவோம். தோற்றவன் உறைந்த ஏரியைக் கடந்து கடைக்குப் போய்வர வேண்டும். ஆளுக்கு ஒரே சீட்டு; சிறியது தோற்கும். பிடிக்காவிட்டால் இடப்பக்கம் இருப்பவனோடு மாற்றிக்கொள்ளலாம். கோமாளிச் சீட்டு மட்டும் தனி ரகம். பங்கீட்டில் வந்தால் எல்லாவற்றையும்விடப் பெரியது, மாற்றி வாங்கினால் எல்லாவற்றையும்விடச் சிறியது.

ஹில்மர் நல்லவன். என் பங்கு விறகையும் அவனே பிளப்பான். தன் பன்றிக்கறியில் பாதியை என் தட்டில் வைப்பான். ஒருநாள்கூடச் சொல்லிக்காட்டியதில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மார்ச் கடைசியில் ஒரு ஞாயிறு எனக்குக் கோமாளி வந்தது. ஹில்மர் என் வலப்பக்கம். நான் முழங்காலைத் தேய்த்துக்கொண்டு முகத்தைத் தொங்கப்போட்டேன்.

"அண்ணே, உன் மூஞ்சியே சொல்லுது. கொண்டா, மாத்திக்கலாம்" என்றான்.

அவன் தந்தது பன்னிரண்டு. எண்களில் அதற்கு மேல் கிடையாது.

மன்னே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "பன்னெண்டக் குடுத்துட்டுக் கோமாளிய வாங்குன மொத ஆளு நீதான்டா, கிறுக்கா."

"போகட்டும் விடு. அண்ணன் காலுக்கு இன்னிக்கு ஓய்வு" என்று ஹில்மரும் சிரித்தான்.

அவன் காப்பி குடித்து முடிப்பதற்குள் நான் தண்ணீர் எடுக்கப் போனேன். ஏரியில் வழி தெரிய ஊசியிலைக் கிளைகள் நட்டிருப்போம். அவற்றைப் பிடுங்கி, ஓடை வந்து கலக்கும் பக்கமாக நட்டுவைத்தேன். அங்கே பனிக்கட்டி நைந்துபோயிருந்தது காலையிலேயே எனக்குத் தெரியும்.

அவன் கத்திக் கூப்பிட்டது என் பெயரைத்தான். கால் வலிக்கிறது என்று மன்னேயை ஓடச் சொன்னேன். மன்னே ஹில்மரின் தொப்பியோடு மட்டும் திரும்பி வந்தான்.

மாற்றக் கேட்டது ஹில்மர், ஐயா. நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை.

போன வாரம் அவன் அம்மா யோர்டிஸ் எனக்குக் கம்பளிக் காலுறை பின்னிக்கொண்டு வந்தாள். "அவன் உன்மேல உசுரையே வச்சிருந்தான். இனிமே நீதான்டா என் புள்ள" என்றாள்.

மனசு உறுத்தி நான் இங்கே வரவில்லை. தூக்கமெல்லாம் நன்றாகவே வருகிறது. இந்தக் காலுறையை மட்டும் அவளிடம் சேர்த்துவிடுங்கள். யாருக்கும் கடன்பட்டிருப்பது எனக்குப் பிடிக்காது.