தேனீக்கு வாங்கிய சீனி

மலேசியாவின் பீடோங்கில் பஸ் கிளம்பியபோது எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். மூத்தவரின் மடியில் இரண்டு கிலோ சீனி இருந்தது.

"என்னக்கா, வீட்டுல விசேஷமா?"

"ஆயிரம் வாய் காத்துக்கிட்டு இருக்கு. பெட்டியில இருந்த கடைசித் தேனையும் உங்க அண்ணன் வழிச்சு எடுத்துட்டாரு. இப்ப மழை வேற. தேனீங்க வெறும் வயித்துல எப்படிப் புது அடை கட்டும்? சீனித் தண்ணி வெக்கலன்னா பெட்டிய விட்டே ஓடிரும்."

இந்தக் கவலையைக் கேட்டபின் நான் கைப்பேசியை உள்ளே வைத்துவிட்டேன்.

"போன வாரம்தானே வாங்குனீங்க?"

"வாங்குனேன். சீனி தீந்துருச்சு, அடை விரல் அகலம்கூட வளரல."

இளையவள் சிரித்தாள். "அண்ணனுக்கு இனிப்புநீர் வியாதின்னு தேத்தண்ணியில ஒரு கரண்டி சீனி போட மாட்டீங்களே. தேனீக்குக் கலக்குறது யாரு?"

"அவருதான். ருசி பாத்துட்டுத்தான் வெப்பாரு. கிளினிக்குல ரத்தம் எடுத்துப் பாத்துட்டு நர்ஸ் மிஸ்ஸி என்னைய முறைக்குது. நேத்து நானே கலக்குனேன். ஒரு வாய் பாத்துட்டு, இனிப்பு பத்தல, தேனீ கோவிச்சுக்கும்னாரு."

"கோவிச்சுக்கிச்சா?"

"அதுங்க குடிச்சிட்டு வேலையப் பாத்துச்சுங்க. இவருதான் சோறு வேணாம்னு படுத்துட்டாரு."

எஸ்டேட் முனையில் மோட்டார் சைக்கிளோடு ஒருவர் காத்திருந்தார். மூத்தவர் இறங்கியதும் பையை வாங்கித் தூக்கிப் பார்த்தார்.

"ரெண்டு கிலோதானா? பத்தாதே."

பஸ் நகர்ந்தது. இளையவள் ஜன்னலில் தலையை நீட்டினாள்.

"தேனீக்குப் போதும் லா, அண்ணே!"