குத்தூசி நல்லசிவம் அவர்களுக்கு நான்காம் முறையாக எழுதப்பட்ட மடல்

மூட்டையின் முகம் பார்த்து மயங்காத மூத்தவரே! கொச்சித் துறையேறிய மிளகையெல்லாம் மூட்டையின் நடுவரை குத்தூசியால் குடைந்து பார்த்த கூரிய கண்ணரே! முப்பத்தாறு ஆண்டுகள் எங்கள் பண்டகசாலையின் சாம்பிள் அறையை ஆண்டு, 1983 மே மாதம் முப்பத்தோராம் நாளாகிய இன்று ஓய்வு பெறும் நல்லசிவம் அண்ணாச்சி அவர்களே!

வணக்கம். விளிகளை மூன்றோடு நிறுத்திக்கொள்கிறோம். முதல் மடலில் பதினொன்று இருந்தன. தேதிகள் சரிதானா என்று பார்த்துத் தரும்படி உங்களிடம் அதைக் கொடுத்தது எங்கள் குற்றம். "கருணைக் கடலே" என்பதைச் சிவப்புப் பென்சிலால் அடித்து, "கடல் துறைமுகத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறது" என்று ஓரத்தில் எழுதினீர்கள். "பொறுமையின் பொற்குன்றே" என்பதற்கு எதுவும் எழுதவில்லை. படித்துவிட்டு வெகுநேரம் சிரித்தீர்களாம். இரண்டாம் மடலில் பாதிக்குமேல் சிவப்பு. அத்தோடு ஒரு நிபந்தனையும் போட்டீர்கள்: வாசிக்கப்படுவது யதார்த்தமாக இல்லாவிட்டால் மேடை ஏறமாட்டேன், கீழே முன்வரிசையில் இருந்து ஒரு சாயா குடித்துவிட்டு வீட்டுக்குப் போவேன். மடல் வாங்காமல் இந்தப் பண்டகசாலையை விட்டுப் போனவர் இதுவரை ஒருவரும் இல்லை. அந்த முதல் ஆள் நீங்களாக இருப்பதை எங்களால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

சரி, யதார்த்தமாகவே எழுதிவிடுவோம் என்று உட்கார்ந்தோம். எந்த யதார்த்தம் என்பதில் எங்கள் பாடு திண்டாட்டமாயிற்று. மட்டாஞ்சேரிச் சந்தையில் மிளகுக்குத் தரத்துக்கொரு பெயர் உண்டு. இந்தச் சொல்லுக்கு மட்டும் ஆளுக்கொரு சரக்கை உள்ளே கட்டி, எல்லா மூட்டையிலும் ஒரே முத்திரையைக் குத்தி விற்கிறார்கள். போதாததற்குக் கணக்கறையின் இளைஞர்கள் மலையாளத்தில் 'யாதார்த்த்யம்' என்று முதலிலும் கடைசியிலும் நீட்டிச் சொல்லி, வேறொரு சரக்கோ என்று மயங்கவைத்தார்கள்.

முதலில் ஓவியத்தைக் குத்திப் பார்த்தோம். 1972இல், காலமான பெரிய முதலாளியின் படத்தை வரைய ஓர் ஓவியர் வந்தார். படத்தைத் திறந்ததும் எல்லோரும் கை தட்ட, நீங்கள் மட்டும், "மூக்குல இருந்த மருவு எங்க வே?" என்று கேட்டீர்கள். போட்டோவில் உள்ளதை உள்ளபடி வரைந்ததாகவும், அதற்குப் பெயரே யதார்த்தம் என்றும் ஓவியர் வாதாடினார். போட்டோவில் மருவை அழித்தவர் ஸ்டுடியோக்காரர் என்பது பிறகு தெரிந்தது. உங்கள் தொல்லை பொறுக்காமல் ஓவியர் ஒரு மருவை வைத்தார். அதைப் பார்த்த முதலாளியின் துணைவியார், இவ்வளவு காலம் கூட இருந்தவர்கள் மருவைத்தானா பார்த்திருக்கிறார்கள் என்று கண் கலங்கினார்.

அடுத்தது இலக்கியம். 1976 ஆண்டு விழாவில் மிளகு புடைப்பவர்களின் வாழ்க்கையை உள்ளது உள்ளபடி காட்டுவதாக ஒரு நாடகம் போட்டீர்கள். மேடையில் நிஜ மூட்டை, நிஜ முறம், நிஜ மிளகு. கதாநாயகி உயிர் விடும் இடத்தில் முன்வரிசை முழுதும் தும்மியது, இறந்தவரும் தும்மினார். அதையும் யதார்த்தத்தில் சேர்த்துக்கொண்டீர்கள். திரை விழுந்ததும், நிஜமாகவே இங்கு மிளகு புடைக்கும் பேச்சி, இடுப்பில் குழந்தையோடு உங்களிடம் வந்து, "இதைப் பாக்கவா அண்ணாச்சி புள்ளையத் தூக்கிட்டு வந்தேன்? இதான் எங்க வீட்டுலயே தெனமும் நடக்குதே," என்றார். அடுத்த ஆண்டு ராஜா ராணி நாடகம் போட்டோம். பேச்சி இரண்டு முறை பார்த்தார்.

அரசியலைப் பற்றிச் சொல்லவே எரிச்சல் வருகிறது. 1979இல் பெண்கள் வேலை செய்யும் தூசி அறைக்கு ஆறு மின்விசிறி கேட்டு வேலைநிறுத்தம் செய்தோம். இருபதாம் நாள் எங்கள் சங்கச் செயலாளர் முத்துராமலிங்கம் பேச்சுவார்த்தை முடிந்து வெளியே வந்து, யதார்த்த நிலையை உணர்ந்து ஒரு மின்விசிறிக்கு உடன்பட்டிருப்பதாக அறிவித்தார். உள்ளே நிர்வாகமும் அதே சொல்லைத்தான் சொன்னதாம். வாசலில் இருபது நாள் வெயிலில் உட்கார்ந்திருந்த நீங்கள் எழுந்து, "இருவது நாளைக்கு முன்னால இந்த யதார்த்தம் எங்க வே போயிருந்துது?" என்று கேட்டீர்கள். ஆறு கேட்டு ஒன்றில் முடிவதற்கு எங்கள் சந்தையில் பேரம் என்று பெயர்; அதுவும் மோசமான பேரம். அரசியலில் அதற்கு மாலை போடுகிறார்கள்.

இனித் தத்துவம். கணக்கறைத் தலைவர் வெங்கிடராமன் சாமி, காண்பதெல்லாம் தோற்றம் என்பவர். நீங்களோ, யாரும் பார்க்காவிட்டாலும் உலகம் தன்பாட்டுக்கு இருக்கிறது என்பவர். "பூட்டிப் போட்ட அறையில, பாக்க ஆளே இல்லாம, மூட்டைக்குள்ள பூசணம் பிடிக்குதே சாமி, அது யாருக்குத் தோற்றம்?" என்பது உங்கள் வாதம். "பிடிச்சிருக்குன்னு நீர் திறந்து பார்த்தப்பறந்தானே ஓய் தெரிஞ்சது?" என்பது அவர் வாதம். பதினோரு ஆண்டுகள் இதே இரண்டு வரி. உலகம் இருக்கிறதோ இல்லையோ, நடுவில் இருந்த சாயா ஆறியது மட்டும் இருதரப்பும் ஒப்புக்கொண்ட உண்மை. நாளை முதல் சாயாவைச் சூடாகக் குடிப்போம். உங்களைப் பிரிவதில் எங்களுக்குத் துளியும் வருத்தமில்லை.

இத்தனையையும் அலசிக் களைத்து, வந்த கோபத்தில் மூன்றாம் மடலை எழுதினோம். அதில் புகழ் ஒரு வரிகூட இல்லை. பிடிவாதக்காரர், வாயாடி, கப்பல் காத்து நிற்கும்போது நூறு மூட்டையையும் மறுபடி குத்துபவர் என்று உங்கள் குறைகளை மட்டும் அடுக்கினோம். இதை அடிக்க முடியாதே என்று இறுமாந்திருந்தோம். நீங்கள் ஒரு வரியையும் அடிக்கவில்லை. தாளை மடித்துத் திருப்பித் தந்து, "இதுவும் மேல் மிளகுதான் வே. நடுவுல குத்தலையே," என்றீர்கள்.

இனி எங்களால் ஆகாது என்று மடல் எழுதும் தாளையே மூட்டை கட்டி வைத்தோம். அப்போது முற்றத்தில் மிளகு புடைத்துக்கொண்டிருந்த பேச்சி, முறத்தை நிறுத்தாமலே எங்களைக் கேட்டார்: "அண்ணாச்சி யதார்த்தமான மனுசன். இதை எழுதவா மூணு காயிதம்?"

வெட்கமாக இருந்தது. ஓவியரிடமும் மேடையிலும் சங்கத்திலும் சாமியிடமும் தேடினோம்; நம் வீடுகளில் அன்றாடம் புழங்கும் பொருள் ஒன்று இருப்பதை மறந்தோம். சூது தெரியாதவர், உள்ளொன்று வைத்துப் புறமொன்று பேசாதவர் என்பதை நம் பெண்கள் அந்த ஒரே சொல்லால் சொல்லிவிடுகிறார்கள். உடனே நினைவுக்கு வந்தார் 1975இல் வந்த பம்பாய்ப் புரோக்கர். விலை பேசி, கை நனைத்து, செருப்பு மாட்டிக்கொண்டே, நடுமூட்டையில் பூசணம் ஏதும் உண்டா என்று பேச்சுக்குக் கேட்டுவைத்தார். "உண்டும், நாலு மூட்டையில," என்றீர்கள். வியாபாரம் கலைந்தது. நாங்கள் எல்லோரும் உங்கள்மேல் பாய்ந்தபோது, எதற்குத் திட்டுகிறோம் என்றே உங்களுக்குப் புரியவில்லை. "கேட்டாரு, சொன்னேன்," என்றீர்கள். பேரத்திலே பிறந்து பேரத்திலே வளர்ந்த நாங்கள் அதை அன்று அசட்டுத்தனம் என்றோம். அது அசட்டுத்தனம்தான், அதைத்தான் எட்டு ஆண்டுகளாக ஊரெல்லாம் சொல்லித் திரிகிறோம்.

நூறாண்டு வாழ்க என்று எழுதினால் அடிப்பீர்கள். ஆகவே அளந்தே வாழ்த்துகிறோம். நெஞ்சில் தங்கிய அந்த மிளகுத்தூசி இருமல் இந்த மழைக்காலத்துக்குள் தணியட்டும். வைப்பின் தீவில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிற படகில் உட்கார இடம் கிடைக்கட்டும். ஒவ்வொரு மீனின் செவுளையும் விரித்துப் பார்க்கும் உங்களை அங்குள்ள மீன்காரிகள் பொறுத்துக்கொள்ளட்டும்.

இந்த நான்காம் மடலை உங்களுக்கு முன்கூட்டிக் காட்டவில்லை. மடலை மாட்டும் சட்டத்துக்குக் கண்ணாடியும் இன்னும் போடவில்லை. சிவப்புப் பென்சில் உங்கள் சட்டைப்பையில் இருப்பது இங்கிருந்தே தெரிகிறது. மேலே எழுதியவற்றில் ஒரே ஒரு வரி பொய். எந்த வரி என்று காணக் குத்தூசி வேண்டாம்; சூடான சாயாவுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. மேடைக்கு வந்து அதை உங்கள் கையாலேயே அடித்துக் கொடுங்கள். அடித்த பிறகுதான் கண்ணாடி போடுவோம்.

உங்கள் பென்சிலுக்குக் காத்து நிற்கும்
சாம்பிள் அறை, கணக்கறை, தூசி அறை ஊழியர்கள்
மட்டாஞ்சேரி