பச்சைப் புள்ளி

சம்சாரம்: முந்நூறு தர்றேங்கிறாரு.

கடைக்காரர்: எதுக்கு?

சம்சாரம்: இதோ, இந்தக் குடோன்ல அண்டாவுக்கும் வாளிக்கும் நடுவுல ராவும் பகலும் உறுமிட்டு இருக்கே, இந்தப் பாட்டுக் கம்ப்யூட்டருக்கு. பழைய சாமான் எடுக்கிறவரு வெளிய நிக்கிறாரு.

கடைக்காரர்: முந்நூறா! உள்ள என்ன இருக்குன்னு தெரியுமா உனக்கு? ஒன்பதாயிரம் பாட்டு!

சம்சாரம்: அப்ப முந்நூத்தம்பது கேக்கட்டா?

கடைக்காரர்: விலைக்கு இல்லன்னு சொல்லி அனுப்பு.

சம்சாரம்: யாரு, நீங்களா சொல்றது? பாத்திரம் வாங்க வந்தவங்க உக்கார்ற ஸ்டூலையே வித்தவராச்சே!

கடைக்காரர்: நல்ல விலைக்கு வித்தேன்.

சம்சாரம்: இதுக்கும் நல்ல விலைதான்...

கடைக்காரர்: இந்தா, கேளு. ஊர்ல பாட்டுக்கு மாசாமாசம் காசு வாங்குறவன் எத்தனை பேரு? இது நம்ம பாட்டு, நம்ம பெட்டி. எவனுக்கும் வாடகை கட்ட வேண்டாம். நடுவுல விளம்பரம் கிடையாது. இந்தப் பாட்டு இனிமே எங்ககிட்ட இல்லன்னு எவனும் கைய விரிக்க மாட்டான்.

சம்சாரம்: சரிதான். கடைசியா எந்தப் பாட்டு கேட்டீங்க?

கடைக்காரர்: அது... நிறைய இருக்கு.

சம்சாரம்: ஒன்பதாயிரத்துல ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க.

கடைக்காரர்: வியாபார நேரத்துல பாட்டு கேக்க முடியுமா?

சம்சாரம்: அப்ப தினம் கடை திறந்ததும் இங்க வந்து இந்தத் திரை முன்னால உக்கார்றீங்களே, அது எதுக்கு? காதுல ஒண்ணும் மாட்டுறதில்ல. ஸ்பீக்கர் ஒயர எலி கடிச்சுப் போன வருஷமே போச்சு.

கடைக்காரர்: சரக்கு எண்ணிட்டு இருப்பேன்.

சம்சாரம்: ஏழு அண்டாவ எண்ண அரை மணி நேரமா?

கடைக்காரர்: எட்டு.

சம்சாரம்: இந்த வாரம் பூரா உங்களுக்கு ஒரு வாய் சோறு இறங்கல. இதப் பாத்துட்டு வந்தாலே முகம் செத்துப் போகுது. பெட்டிக்குத்தான் ஏதோ கோளாறு, தொலைச்சுடலாம்னு பாத்தேன்.

கடைக்காரர்: பெட்டிக்கு ஒண்ணும் இல்ல. நான் இங்க போட்டா திரைல நல்லாத்தான் ஓடுது.

சம்சாரம்: அப்புறம் என்ன?

கடைக்காரர்: ...புள்ளி வரல.

சம்சாரம்: எந்தப் புள்ளி?

கடைக்காரர்: திரைல பேரு இருக்கு பாரு. என் பேரு, உன் பேரு... இன்னொரு பேரு. யாராவது அவங்க போன்ல இருந்து பாட்டு போட்டா, அந்தப் பேரு பக்கத்துல பச்சையா ஒரு புள்ளி எரியும், பாட்டோட பேரும் வரும். எந்த ஊர்ல இருந்து போட்டாலும் எரியும்.

சம்சாரம்: இன்னொரு பேரா? நம்ம வீட்ல ரெண்டு பேருதானே? "கடைய எடுத்து நடத்த மாட்டேன், வெளியூர்ல வேலைக்குப் போறேன்"னு ஒருத்தி கிளம்பினாளே, அன்னிக்கு என்ன சொன்னீங்க? "இனிமே அவ பேச்சே இங்க எடுக்கக் கூடாது"ன்னு...

கடைக்காரர்: பேச்சு எடுக்கக் கூடாதுன்னேன். பேர அழிக்கிறேன்னு சொன்னேனா?

சம்சாரம்: நீங்க வக்கீலுக்குப் படிச்சிருக்கணும்.

கடைக்காரர்: இத உக்காந்து செஞ்சு வச்சவளே அவதான். தினம் காலைல ஒரு பாட்டு போடுவா. ஒரே பாட்டு. பழசு. என் ரசனை அப்படியே... புள்ளி எரிஞ்சா, சரி, எழுந்துட்டா, நல்லா இருக்கான்னு நினைச்சுக்குவேன். இப்ப இந்த வாரம் பூரா... தனியா இருக்கிற பொண்ணு... காய்ச்சல் கீய்ச்சல்னு படுத்திருந்தா...

சம்சாரம்: நெட் கம்பெனிய மாத்தினீங்களா?

கடைக்காரர்: நான் என்ன சொல்றேன், நீ என்ன கேக்குற!

சம்சாரம்: மாத்தினீங்களா, இல்லையா?

கடைக்காரர்: மாத்தினேன், போன வாரம். முப்பதுதான் குறைப்பேன்னான். பேசிப் பேசி மாசம் அம்பது குறைச்சேன். நெட் கருவி பழசே போதும்னுட்டேன், அதுலயும் மிச்சம்.

சம்சாரம்: நல்லா மிச்சம் பிடிச்சீங்க போங்க! கம்பெனி மாறினா, வெளிய இருந்து நம்ம பெட்டியத் தேடி வர்ற நம்பரும் மாறிடுமாம். உள்ள இருக்கிற உங்களுக்கு ஓடும். அவ பாவம், பழைய வாசல்ல நின்னு தட்டிட்டு இருக்கா.

கடைக்காரர்: இதெல்லாம் உனக்கு யாரு சொன்னது?

சம்சாரம்: இருங்க... ஹலோ, பாப்பா? ஆமாடி, நீ சந்தேகப்பட்டது சரிதான். கம்பெனிய மாத்தித்தான் இருக்காரு.

கடைக்காரர்: உன் போன்ல அவ பேரு முதல்ல நிக்குது...

சம்சாரம்: தினம் பேசுற பேரு முதல்லதான் நிக்கும். ஸ்பீக்கர்ல போடுறேன், சொல்லு பாப்பா.

கடைக்காரர்: நல்லா... நல்லா இருக்காளாமா?

சம்சாரம்: குரலக் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.

மகள்: அம்மா, அந்தக் கம்ப்யூட்டர்ல தேடுற இடத்துல, என் நெட் முகவரி என்னன்னு அடி. ஒரு நம்பர் வரும். அதப் படிச்சுச் சொன்னாப் போதும்.

சம்சாரம்: அடிச்சுட்டேன்... கண்ணாடி இல்லையே. ஏங்க, நீங்க படிங்க.

கடைக்காரர்: தலைல ஏத்தி வச்சிருக்கியே.

சம்சாரம்: படிங்கங்கிறேன்ல!

கடைக்காரர்: ...இருநூத்தி மூணு.

மகள்: ...ம்.

கடைக்காரர்: புள்ளி. சைபர். புள்ளி. நூத்தி...

மகள்: மெதுவாப்பா.

கடைக்காரர்: ...என்ன சொன்ன?

மகள்: மெதுவாச் சொல்லுங்கன்னேன்.

கடைக்காரர்: கடைசில ஒண்ணு சொன்னியே.

மகள்: ...அப்பான்னேன்.

கடைக்காரர்: ம். நூத்திப் பதிமூணு. புள்ளி. நாப்பத்தி ரெண்டு.

மகள்: இருங்க... போட்டுட்டேன். வந்துதா?

கடைக்காரர்: வரல... இன்னும் வரலம்மா... வந்துடுச்சு! ஏய், வந்துடுச்சு! பச்ச!

சம்சாரம்: அப்பாடா! கைய வீசாதீங்க, அண்டா விழுந்துடும்.

கடைக்காரர்: விழட்டும்! நெளிஞ்சா பாதி விலைக்குக் குடுத்துட்டாப் போச்சு.

மகள்: பாதி விலையா? அம்மா, அப்பாவுக்கு உடம்பு சரியாத்தானே இருக்கு?

கடைக்காரர்: இப்பத்தான் சரியாச்சு. அதே பாட்டையே போட்டிருக்கா பாரு! ரசனைன்னா இப்படி இருக்கணும்.

மகள்: அது லிஸ்ட்ல முதல்ல இருக்குப்பா. அவசரத்துல அதத் தொட்டுட்டு, சத்தத்த முழுசாக் குறைச்சுட்டுக் குளிக்கப் போயிடுவேன்.

கடைக்காரர்: கேக்கவே மாட்டியா?

மகள்: ஒருநாளும் கேட்டதில்ல.

கடைக்காரர்: அப்புறம் எதுக்குப் போடுற?

மகள்: அத அம்மாவக் கேளுங்க.

கடைக்காரர்: ஏய், நீ சொல்லு, எதுக்கு?

சம்சாரம்: அவ போனப்புறம் தினம் இங்க வந்து அந்தப் பேரையே வெறிச்சுப் பாத்துட்டு இருந்தீங்க. பேச்சு எடுக்கத்தானே தடை, பாட்டுக்கு இல்லையேன்னு, தினம் ஒண்ணு போட்டு வைடின்னு நான்தான் சொன்னேன். வெளிய பழைய சாமான்காரர் யாரும் நிக்கல, உங்க வாயப் பிடுங்கத்தான் அப்படிச் சொன்னேன், போய்ப் பாக்காதீங்க. இப்ப கணக்குக்கு வருவோம். போட்டவ கேக்கல, பாத்தவரும் கேக்கல. இத்தனை மாசமும் கரண்ட் பில்லு மட்டும் என் வீட்டுச் செலவுப் பணத்துல போயிருக்கு. அந்த அம்பது மிச்சம் பிடிச்சீங்களே, முதல்ல அத எடுத்து இப்படி வைங்க. பாக்கிய அப்புறம் பேசுவோம்.