கீழிருந்து மேலே

— அந்த லெட்டரைக் குடுத்துடுங்கக்கா. பியூன் பழக்கதோஷத்துல உங்க மேஜையில வெச்சுட்டாரு.

— பதினாலு வருஷமா இந்த ஆபீஸ்ல எந்த லெட்டரும் என் சிவப்புப் பேனாவைத் தாண்டித்தானே வெளிய போகுது. அவர் மேல என்ன தப்பு? உக்காருங்க சார், ரெண்டு நிமிஷம்.

— வேண்டாம்க்கா. சின்ன லெட்டர். நானே பார்த்துக்கறேன்.

— நீங்க பார்த்த லட்சணம்தான் தெரியுதே. கடைசி வரி: 'வி தேங்க் யூ, வி விஷ் யூ வெல்.' ரெண்டும் முழு வாக்கியம். நடுவுல ஒத்தைக் கமா தாங்குமா? முற்றுப்புள்ளி வெச்சாச்சு. என்கிட்ட லெட்டர் எழுதக் கத்துக்கிட்டு மேனேஜர் ஆனப்புறமும் இந்தக் கமா வியாதி உங்களை விடல.

— போதும்க்கா... முழுசாப் படிச்சிட்டீங்களா?

— நான் எப்ப சார் படிச்சேன்? கீழேர்ந்து மேலதானே போவேன். அர்த்தத்துல மாட்டினா கண்ணு தப்பை விட்டுடும்.

— ஆமா, ஆமா. அதுதான் உங்க வழக்கம். அப்போ இதோட விட்டுடுங்க. யாரோ ஒருத்தருக்குப் போறது.

— போகட்டும். அதுக்கு மேல் வரி: 'தி சாஃப்ட்வேர் டஸ் திஸ் வொர்க் நௌ, யுவர் போஸ்ட் இஸ் க்ளோஸ்ட்.' கமாவுக்கு அப்புறம் ஒரு 'ஸோ' இருந்தா நிக்கும். போட்டுட்டேன். பாவம், யாருக்கு சார் வேலை போகுது?

— உங்களுக்குத் தெரியாதவரு. கீழ் மாடி.

— அதுக்கும் மேல: 'யூ செக்ட் தி டெண்டர் லெட்டர், தி மிஸ்டேக் வாஸ் யுவர்ஸ்.' கீழ் மாடியில யாரு சார் லெட்டர் திருத்தறாங்க? அந்த டெண்டர் லெட்டரை அவசரம்னு எனக்குக் காட்டாமலே அனுப்பினது நீங்கதானே?

— தப்பு யாருதுன்னு முதலாளி கேட்டாருக்கா. யார் பேரையாவது சொல்லியாகணும். எனக்கு ரெண்டு பொண்ணுங்க.

— அதனால ஏறின ஏணியை எட்டி உதைச்சுட்டீங்க. போகட்டும் சார், வேலையைப் பார்ப்போம். முதல் வாக்கியம் பொய். அடுத்ததும் பொய். ஆனா ரெண்டும் முழுசா இருக்கு. அதனால நடுவுல முற்றுப்புள்ளி.

— குடுங்கக்கா. இதுக்கு மேல போகாதீங்க. அந்தப் பேரை நீங்க பார்க்க வேண்டாம். நானே பக்குவமா சொல்லணும்னுதான் இருந்தேன், சத்தியமா.

— இந்தாங்க, கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. இன்னிக்கு மட்டும் மேலேர்ந்து படிச்சேன், தம்பி. என் பேரைப் பார்த்துட்டுத்தான் பேனாவையே திறந்தேன்.