சாட்சிக் கண்ணாடி

நீங்கள் கைக்கு கிரீம் பூசுகிறவர். கதவைத் திறந்ததுமே தெரிந்துவிட்டது. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள், தொழில் பழக்கம். கேமரா சோதிக்கும் கூடத்தின் வாசலில் நின்று, வருகிறவர்களை மோந்து பார்த்துத் திருப்பி அனுப்புவதுதான் என் உத்தியோகத்தில் பாதி. சென்ட் அடித்தவர், தலைக்கு எண்ணெய் வைத்தவர், ஷேவிங் லோஷன் தடவியவர், யாராக இருந்தாலும் குளித்துவிட்டு வரச் சொல்வேன். ஒருமுறை இயக்குநரையே திருப்பி அனுப்பியிருக்கிறேன். அதனால் எனக்கு 'சோப்பு சார்' என்று பெயர். முதுகுக்குப் பின்னால்தான் சொல்வார்கள் என்றில்லை, முகத்துக்கு நேராகவும் சொல்வார்கள்.

உட்காருங்கள். விசாரணை அதிகாரி என்றால் கட்டுக் கட்டாகக் கேள்வி வைத்திருப்பார் என்று நினைத்தேன். நீங்கள் ஒன்றுதான் கேட்டிருக்கிறீர்கள். என் மனைவி வரைந்த குழாயை உங்கள் ஆட்கள் அச்சு மாறாமல் மறுபடி செய்து, நாலா பக்கமும் விளக்கடித்துப் பார்த்தார்களாம். ஒரு பொட்டு வெளிச்சம்கூடத் தப்பி உள்ளே போகவில்லையாம். அப்படியானால் விண்வெளிக்குப் போன கேமரா ஏன் குருடானது என்கிறீர்கள். நியாயமான கேள்விதான். பதில் சொல்வதற்கு அவளிடமிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

தூரத்துக் கிரகம் ஒன்றைப் படமெடுக்கப் போகிற கேமரா அது. உள்ளே இருக்கும் பெரிய கண்ணாடி எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், வேண்டாத வெளிச்சம் பக்கவாட்டில் நுழைந்தால் படம் பாழ். அதைத் தடுக்க முன்னால் ஒரு கறுப்புக் குழாய், உள்ளே அடுக்கடுக்காக வளையங்கள். எட்டிப் பார்த்தால் அடி தெரியாது. எங்கள் ஆட்கள் அதைக் 'கிணறு' என்பார்கள். அதுதான் அவள் வேலை. அவள் வரைவாள், நான் சோதிப்பேன். வீட்டிலும் அதே கதைதான், அவள் சமைப்பாள், நான் உப்பு பார்ப்பேன். எங்கள் மகள் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பிறகு அவளுக்குப் புற்றுநோய் வந்தது. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அடுத்த வருஷத்துக்கு எந்தத் திட்டமும் போட வேண்டாம் என்றார். அவளுக்கும் தெரியும். அழுது ஆர்ப்பாட்டம் செய்கிற ஆள் இல்லை அவள். என்னிடம் கேட்டது ஒன்றே ஒன்று.

"முதல் படத்தைப் பார்த்துட்டுப் போயிடறேங்க. அது போதும்."

இனி கொஞ்சம் தொழில் விஷயம். கலம் புறப்படுவதற்கு முன் கேமராவைக் காற்றில்லாத இரும்பு அறைக்குள் வைத்துச் சூடேற்றுவோம். எங்காவது எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருந்தால் ஆவியாகக் கிளம்பி, குளிர்ந்த இடமாகப் பார்த்துப் படியும். எங்கள் கேமராவில் குளிர்ந்த இடம் பெரிய கண்ணாடிதான். அதைத் தொட்டுச் சோதிக்க முடியாது, தொட்டாலே கெட்டுவிடும். அதனால் பக்கத்தில் சின்னதாக இன்னொரு கண்ணாடித் துண்டு வைப்போம். பெரியதில் என்ன படிகிறதோ அதுவே சின்னதிலும் படியும். அறையைத் திறந்ததும் சின்னதை எடுத்துப்போய்க் கருவியில் வைத்துப் பார்ப்போம். அதற்குச் சாட்சிக் கண்ணாடி என்று பெயர்.

அன்று நான்தான் எடுத்துப்போனேன், நான்தான் பார்த்தேன். பிசுக்கு இருந்தது. வாய் வைத்து ஊதின கண்ணாடி மாதிரி, மெல்லியதாக.

சொல்லியிருந்தால் கேமராவைக் கழற்றிச் சுத்தம் செய்து, எல்லாச் சோதனையையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அதற்குள் கிரகம் நகர்ந்துவிடும். அது மறுபடி வாகான இடத்துக்கு வர இரண்டு வருஷம் ஆகும். என் மனைவியிடம் இரண்டு வருஷம் இல்லை. பெட்டியில் உபரியாக ஒரு புதுக் கண்ணாடித் துண்டு இருந்தது. அதைக் கருவியில் வைத்தேன். சுத்தம் என்று வந்தது, கையெழுத்துப் போட்டேன். என் இடத்தில் மனைவிமேல் பாசம் உள்ள எவர் இருந்தாலும் அதையே செய்திருப்பார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

கலம் புறப்பட்ட அன்று அவளைக் கட்டிலோடு நிமிர்த்தி உட்காரவைத்து டிவியில் காட்டினோம். ரொம்ப நாளைக்கு அப்புறம் நன்றாகச் சாப்பிட்டாள். மகளைக் கூப்பிட்டு, "உங்கப்பா பார்த்து அனுப்பினது, குறை சொல்ல முடியாது" என்றாள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

கொஞ்ச வாரம் கழித்து, போகிற வழியிலேயே மூடியைத் திறந்து ஒரு நட்சத்திரத்தைப் படமெடுத்தார்கள். புள்ளியாக விழ வேண்டியது, தண்ணீரில் பால் கொட்டின மாதிரி படமெங்கும் பரவிக் கிடந்தது. அவள் மடிக் கணினியை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். முகம் மாறவில்லை. அவளுக்குத் தொழில் தெரியும். இப்படி ஆக இரண்டே காரணம்தான் உண்டு. ஒன்று, கண்ணாடியில் படிவு. இல்லையென்றால், கிணற்றில் ஓட்டை.

"ஏங்க, சாட்சிக் கண்ணாடி சுத்தமாத்தானே இருந்துச்சு?"

"சுத்தமா இருந்துச்சு."

"நீங்களே பார்த்தீங்களா?"

"நானே பார்த்தேன்மா."

"அப்ப என்மேலதான் தப்பு" என்றாள்.

அந்தப் பேச்சு அதோடு முடிந்தது. நான் ஒரு வார்த்தை மாற்றிச் சொல்லியிருந்தால் அவள் கணினியை மூடிவிட்டுத் தூங்கியிருப்பாள். சொல்லவில்லை. படுத்த படுக்கையாகக் கிடப்பவளுக்கு எதற்கு அதிர்ச்சி என்று நினைத்தேன். அன்றிலிருந்து அவள் தேட ஆரம்பித்தாள். ஒவ்வொரு வளையமாக, ஒவ்வொரு விளிம்பாக, வெளிச்சம் எங்கே பட்டு எங்கே தெறிக்கும் என்று கணக்குப் போட்டாள். மருந்து ஏறிக்கொண்டிருக்கும்போதும் போட்டாள். மகள் பக்கத்தில் வந்து படுத்துக்கொண்டு, விடும்மா, என்னோட பேசும்மா என்பாள். இதோ முடிஞ்சுதுடா கண்ணு என்பாள் இவள். எங்கே முடியும். இல்லாத தப்பைத் தேடுகிறவளுக்கு அது எப்படிக் கிடைக்கும். நான் தலையணையைச் சரிசெய்வேன், கஞ்சி ஊட்டுவேன், கணினிக்கு சார்ஜ் போட்டுக் கொடுப்பேன். என்னைப்போல் பார்த்துக்கொள்கிற புருஷன் யாருக்கு வாய்க்கும் என்று நர்ஸே சொன்னார்.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டதாகச் சொன்னாள். ஒரு வளையத்தின் விளிம்பு கொஞ்சம் தடிமனாம், அங்கே பட்டுத்தான் வெளிச்சம் உள்ளே போகிறதாம். பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது, அந்த விளிம்பு சரியாகத்தான் இருந்தது. நான் "இருக்கலாம்" என்றேன். கூட வேலை செய்த ஒவ்வொருவரையும் போனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டாள். பேச மூச்சு போதாது, நான்தான் போனை அவள் காதருகே பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு குழு கூடி வடிவமைப்பில் பிழை என்று எழுதியபோது, அதிலும் என் கையெழுத்து இருக்கிறது.

சாவு வீட்டில் என் மகள்தான் வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். எல்லாரும் போனபின் என்னிடம் வந்தாள். "அம்மா அந்தத் தப்பைப் பண்ணாம இருந்திருந்தா, கடைசி மாசம் நம்மளோட இருந்திருப்பாங்கல்லப்பா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அவள் இப்போது வெளியூரில் இருக்கிறாள். அம்மாவைப் பற்றிப் பேச்செடுத்தால் போனை வைத்துவிடுகிறாள்.

நீங்கள் என்ன யோசிக்கிறீர்கள் என்று தெரிகிறது. பிசுக்கு எங்கிருந்து வந்தது என்றுதானே. படிந்தது எந்தப் பொருள் என்பதையும் அந்தக் கருவி சொல்லிவிடும். சொன்னது. கைக்குப் பூசுகிற கிரீம். கேமராவை இரும்பு அறைக்குள் வைத்த அன்று கிணற்றுக்குள் கை விட்டவன் நான் ஒருவன்தான். விஷயம் வெளியே வந்தால் சோப்பு சார் கதை சிரிப்பாய்ச் சிரித்துப்போகும், வேலையும் போகும். ஆனால் துண்டை மாற்றும்போது அதையெல்லாம் நான் நினைக்கவே இல்லை. அவளைத்தான் நினைத்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

புற்றுநோய்க்கு ஏற்றின மருந்தில் அவளுக்கு உள்ளங்கை வெடித்து ரத்தம் கசியும். தினமும் காலையில் நான்தான் கிரீம் பூசிவிடுவேன். அன்றும் பூசிவிட்டு, சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவிக்கொண்டுதான் கிளம்பினேன். சுவரைப் பிடித்துக்கொண்டே வாசல் வரை நடந்து வந்தாள். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "பார்த்துப் பண்ணுங்க" என்றாள். கூடத்தில் கையுறை மாட்டும்போது வாசனை வந்தது. என் மூக்குக்குத் தெரியாமல் போகுமா. கழுவத் தொட்டி பக்கத்திலேயே இருந்தது. கழுவ மனசு வரவில்லை. அவள் பிடித்த கை அது. அப்படியே மாட்டிக்கொண்டேன், விரலில் இருந்தது கையுறையின் வெளிப்பக்கத்திலும் பட்டிருக்கும்.

உண்மையான துண்டு வேண்டுமென்றால் அதோ, அவள் படத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஓரத்தைப் பிடித்து எடுங்கள், நடுவில் விரல் படவேண்டாம். அவள் கையில் இருந்ததில் எனக்கு மிஞ்சியது அவ்வளவுதான். சோதித்து முடித்ததும் திருப்பிக் கொடுத்துவிடுவீர்கள் என்று நம்புகிறேன்.

கடைசி நாளில் மற்றவர்களிடம் கேட்ட மாதிரியே என்னிடமும் கேட்டாள். "உங்க பேரையும் சேர்த்துக் கெடுத்துட்டேன். மன்னிச்சிடுங்க" என்றாள். மன்னிச்சுட்டேன்மா என்று சொல்லித் தலையைத் தடவிக் கொடுத்தேன். நிம்மதியாகக் கண்ணை மூடினாள். அதை மட்டும் நான் பொய்யாகச் சொல்லவில்லை. யோசித்துப் பாருங்கள், அன்று காலை என் கையைப் பிடித்தது அவள்தானே.