பாதி மாத்திரை

— உட்காருங்க தெமிர்குல் அண்ணே. உங்க ரத்தத்தை ரெண்டாவது தடவையும் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னேன்.

— அய்யோ டாக்டரம்மா, அவ்வளவு மோசமா?

— மோசமில்ல. அதான் புரியல. ஜூன்ல அந்தக் கிட்னியை அரிக்கிற வைரஸ் லட்சத்தைத் தாண்டி இருந்துச்சு. இப்ப ரெண்டாயிரம்தான்.

— அட, நல்ல சேதி! நாரின்லேர்ந்து ஆறு மணி நேரம் வேன்ல குலுங்கி வந்திருக்கேன். கொஞ்சம் சிரிச்சுச் சொன்னா என்னவாம்?

— காலையிலேர்ந்து முப்பது பேரைப் பாத்தாச்சு. சிரிப்பெல்லாம் தீந்துபோச்சு. ஜூன் ரிசல்ட் வந்ததுலேர்ந்து உங்களுக்கு எத்தனை ஃபோன் போட்டேன்!

— கோடை முழுக்க ஆடுகளோட மலைமேல கூடாரத்துல கிடந்தேன். அங்க ஏது சிக்னல்?

— மாத்திரையைக் குறைக்கச் சொல்லத்தான் கூப்பிட்டேன். புதுக் கிட்னியை உடம்பு தள்ளிடாம இருக்க எதிர்ப்பு சக்தியை அடக்குற மாத்திரை அது. கொஞ்சம் குறைச்சாத்தான் உடம்பு வைரஸோட மல்லுக்கட்டும். ஆனா நான் சொல்லாமலே உங்க ரத்தத்துல மருந்து பாதிதான் இருக்கு.

— நான் வேளா வேளைக்குப் போடுறேனே.

— எத்தனை?

— ஒண்ணு.

— ரெண்டு எழுதிக் குடுத்தேன். மிச்சத்தை எவனுக்காச்சும் வித்தீங்களா?

— ச்சீ! என்ன பேச்சு இது? குடுத்தேன். திட்டக்கூடாது.

— திட்டவெல்லாம் தெம்பில்ல. யாருக்கு?

— பூபுசாரா டீச்சருக்கு. ஒரே வாரத்துல எங்க ரெண்டு பேருக்கும் கிட்னி வச்சீங்களே, பக்கத்துப் பக்கத்துப் பெட்டு. மே மாசத்துலேர்ந்து தனக்குப் பாதி மாத்திரைதான் தர்றாங்கன்னு ஒரே அழுகை. "வைரஸ் அது இதுன்னு சாக்கு சொல்றாங்க அண்ணே, மருந்து ஸ்டாக் இல்லாததை மறைக்கிறாங்க. தம்பி குடுத்த கிட்னி போயிடுமே"ன்னா. மனசு கேக்குமா? மலையேறுறதுக்கு முன்னாடி என்னோடதுல சரிபாதியை அவ கையில திணிச்சுட்டுப் போனேன்.

— நிறையவா?

— மூணு மாசத்துக்கு. பாருங்களேன், அவளுக்குக் குடுத்ததுல எனக்கே குணமாயிடுச்சு! நான் செஞ்ச புண்ணியம்... என்ன டாக்டரம்மா, ஏன் கண்ணை மூடிக்கிட்டீங்க?

— அவங்களுக்கும் இதே வைரஸ்தான் அண்ணே. பாதியாக் குறைச்சது நான், அதனால ரத்தத்துல மருந்தளவைப் பாக்கத் தோணல. குறைச்சும் வைரஸ் ஏன் ஏறிக்கிட்டே போகுதுன்னு தெரியாம, தம்பி கிட்னி இனி தாங்காதுன்னு இன்னைக்குக் காலையிலதான் அவங்ககிட்ட சொல்லி அனுப்பினேன்.