தைக்காமல் விட்ட இரண்டு விரல் இடம்

மேலே எழுதியுள்ள முகவரியில் மனைவியுடன் குடியிருக்கிறேன். வயது ஐம்பத்திரண்டு. தையல் கடை வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரி நர்ஸ் மீது எட்டு நாள் முன்பு நான் கொடுத்த புகார் சம்பந்தமாக, யாரும் வற்புறுத்தாமல், நானே போலீஸ் நிலையத்துக்கு வந்து சொல்வதாவது:

என் மனைவிக்குக் குடல்வால் வெடித்து வயிற்றில் ஆபரேஷன் ஆனது. ஆறாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது, கட்டு மாற்றும் நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கீழ ரெண்டு விரல் அளவு வேணும்னேதான் தைக்காம விட்டிருக்கு. கெட்ட நீர் வெளிய வரணும். துணி வெச்சு தினமும் மாத்துங்க, அதை மட்டும் மூடிடாதீங்க" என்றார். நானும் தலையாட்டினேன்.

அதன் பிறகு வீட்டில் கட்டைப் பிரித்துப் பார்த்ததும் எனக்கு மனசு கேட்கவில்லை. முப்பது வருஷம் தைத்த கண்ணுக்கு அது அரைகுறை வேலையாகவே பட்டது. ஆகவே இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து, பிளாஸ்டரைக் குறுக்கே இறுக்கி ஒட்டினேன். ஒரு சுருக்கம் விழவில்லை. பெருமையாகக்கூட இருந்தது.

அதன் பிறகு மூன்றாம் நாள் அவளுக்குக் குளிர்ஜுரம் கண்டு, வயிறு கல்லாகி, பேச்சு குழறியது. வாடகை வண்டியில் கொண்டு போகும் வழியிலேயே பிளாஸ்டரைப் பிய்த்து எறிந்துவிட்டேன். மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்து, காயத்தைத் திறந்து, சீழ் எடுத்தார்கள். பிழைப்பது சந்தேகம் என்று டாக்டர் சொன்னதும் புத்தி கெட்டுப்போய், நர்ஸ் ஒன்றுமே சொல்லி அனுப்பவில்லை என்று இங்கே எழுதிக் கொடுத்தேன்.

புகார் தெரிந்தும் தினமும் காயத்தைக் கழுவியது அதே நர்ஸ்தான். நேற்று என்னைக் கிட்டே அழைத்து, "பாருங்க" என்றார். குழியின் அடியில் சிவப்பாக, பொடிப்பொடியாகப் புதுச் சதை எழும்பியிருந்தது. ஊசி இல்லை, நூல் இல்லை, யார் கையும் இல்லை. அடியிலிருந்து தானாகவே நிரம்பிக்கொண்டு வருகிறது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. இத்தனை காலம் தைத்ததெல்லாம் ஒரு வேலையா என்று நின்றேன். மனைவி கண்ணைத் திறந்து, "என்னைக் கிழிஞ்ச தலகாணின்னு நெனச்சீங்களா?" என்றாள். நர்ஸ் சிரித்தார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

நாளை அவரை வேலையிலிருந்து நீக்குவது பற்றி விசாரணை என்று அறிகிறேன். இதை அங்கே படிக்க வேண்டும். அவர் சொன்னார், என் காதில் விழுந்தது, விழுந்தும் மூடினேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது. முன்பு நான் கையெழுத்துப் போட்டது பொய்க்கு. இது உண்மை.

(ஒப்பம்)
தையல்காரர்